காட்டாமல் வைத்த கண்ணாடி

அந்தக் காவல் நிலையத்தில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை; முகத்துக்கு நேரே 'மேடம்'தான். அவள் மாடிப்படி ஏறிவரும் பூட்ஸ் சத்தம் கேட்டதும் எழுத்தர் மேசைப் பக்கம் யாராவது "பூட்டு வருது" என்று முணுமுணுப்பார்கள், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் காகிதம் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டரின் சுபாவமே அதுதான்.

விசாரணையில் அவளை அடிக்க ஆளில்லை என்பதை மட்டும் அவளைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ஆளை உட்காரவைத்த உடனே கையில் இருக்கிற சாட்சியத்தை எல்லாம் மேசையில் கொட்டுவது அவசரக்குடுக்கைகள் செய்கிற வேலை என்பாள். படத்தைக் காட்டினால் அந்தப் படத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கதை வரும். கைரேகையைக் காட்டினால் அதற்கு ஒரு கதை. முதலில் அவன் வாயிலிருந்து வரட்டும். காலையில் எழுந்தது, பல் துலக்கியது, எந்தப் பேருந்தில் ஏறியது, எல்லாம் வரட்டும். குறுக்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது. முழுசாகச் சொல்லி முடித்து, இனி மாற்றிப் பேச வழியில்லை என்றான பிறகுதான் கோப்பைத் திறக்க வேண்டும். அப்போதும் ஒவ்வொன்றாக. தூரத்தில் இருப்பது முதலில், நெருக்கத்தில் இருப்பது கடைசியில். 'உங்களை அந்தத் தெருவுல பாத்திருக்காங்க' என்பது முதலில். 'கதவுல உங்க கை பட்டிருக்கு' என்பது அப்புறம். உண்மை சொன்னவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பொய் சொன்னவன் வேர்த்துக்கொட்டுவான்.

இதற்கு மேலே அவளுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வழக்கிலும் ஒரே ஒரு பொருளை யாருக்கும் காட்டமாட்டாள். சந்தேகப்பட்ட ஆளுக்கு மட்டுமல்ல, தன் கீழே வேலை செய்பவர்களுக்கும்தான். ஒரு உறையில் போட்டு, ஒட்டி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கித் தன் அலமாரியில் வைத்துவிடுவாள். நான்கு பேருக்குத் தெரிந்தது நாலாவது ஆள் வாயிலிருந்து கேள்வியாகக் கசிந்துவிடும், கசிந்தது பதிலாகத் திரும்பிவரும் என்பது அவள் கணக்கு. மேலதிகாரி உள்ளே என்ன என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். அவருக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை, அல்லது அவ்வளவு சோம்பல்.

இந்த வித்தையை நிலையத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் அவளும் மகளும்தான். மகள் ஒருநாள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நிறுத்திய வாரமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு மாதம், தினமும் சாயங்காலம், "இன்னிக்கு காலேஜ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். மகள் தினமும் ஒரு பொய் சொன்னாள். மாதம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் பேருந்து அட்டையையும் கல்லூரிக் கடிதத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தாள்.

மகள் அழவில்லை. "எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா இந்த வீட்டுல நான் மட்டும் தனியா இருந்திருக்கேன்," என்றாள் மகள். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் வேலை தேடிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் அறை எடுத்துப் போய்விட்டாள். எப்போதாவது தொலைபேசியில் பேசுவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். வேலை எப்படி, பரவாயில்லை. கோபமாகப் பேசினாலாவது தேவலை என்று இருக்கும் இவளுக்கு.

இப்போது வழக்குக்கு வருவோம். கடைத்தெருவில் கண்ணாடிக் கடை ஒன்று. மூக்குக்கண்ணாடி விற்பது, பழுதுபார்ப்பது எல்லாம் ஒரே ஆள்தான். ஒருநாள் மாலை அந்தக் கண்ணாடிக்காரர் பின்மண்டையில் அடிபட்டுத் தன் மேசைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். மேசை இழுப்பறை உடைந்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி ஸ்டாண்டோடு தரையில் கிடந்தது. ஆள் உயிரோடிருந்தார், நினைவு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மற்றவர்கள் முன்கடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் மட்டும் பின்னறைக்குப் போனாள். அங்கே கை கழுவும் தொட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. கண்ணாடிக்காரரின் சொந்தக் கண்ணாடி. இரண்டு வில்லையிலும் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. மனிதர் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். முன்னால் சத்தம் கேட்டு, அப்படியே போட்டுவிட்டு வெறும் கண்ணோடு போயிருக்கிறார். அடித்தவன் அவரைக் கண்ணாடி இல்லாத முகத்தோடுதான் பார்த்திருப்பான். அவள் அதை எடுத்துப் பொட்டலமாக்கி உறையில் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாளே ஒருவரைப் பிடித்துவந்தார்கள். கூரியர் கம்பெனிக் கிடங்கில், ஆள் இல்லை என்று திரும்பிவந்த பார்சல்களைப் பிரித்து அடுக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும், தனிக்கட்டை. எதிர்க்கடைக் கேமராவில் அவர் சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குள் போவதும், சற்று நேரத்தில் பதறியடித்து ஓடிவருவதும் பதிவாகியிருந்தது. கடையில் கதவு, மேசை, நாற்காலி என்று எங்கே தொட்டாலும் அவர் கைரேகை. அவருடைய ஒற்றை அறையில் தேடியபோது ஒரு டஜன் மூக்குக்கண்ணாடிகள் பெட்டிப் பெட்டியாக அகப்பட்டன. எல்லாவற்றிலும் அந்தக் கடையின் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் கேட்டபோது, "நான் இல்லைங்க" என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

அடுத்த நாள் காலை மருத்துவரைப் பார்க்க இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது உதவி ஆய்வாளரிடம், "நான் வர்ற வரைக்கும் அவர்கிட்ட எதையும் காட்டாத, சும்மா பேச விடு," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நிலையத்தில் அவனைச் சின்னவர் என்பார்கள். நல்ல பிள்ளைதான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவன்.

கண்ணாடிக்காரர் இரண்டாவது மாடியில் கிடந்தார். அந்தத் தாழ்வாரம் அவளுக்குப் பழக்கம். போன மாதம் அவள் மகளுக்கு அங்கேதான் குடல்வால் அறுவை நடந்தது. மகள் சொல்லவில்லை. தெரிந்த நர்ஸ் ஒருத்தி சொன்னாள். இவள் இரண்டு நாள் விடுப்புப் போட்டு வந்து, அறை வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பச்சை பெஞ்சில், கதவிலிருந்து பார்த்தால் தெரியாத முனையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளாகக் கூப்பிடட்டும், கூப்பிட்ட அடுத்த நிமிடம் உள்ளே போகலாம் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள். கூப்பிடவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள். இன்றும் அந்த பெஞ்ச் அங்கேயே இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி நடந்துபோனாள்.

"பிழைப்பாரான்னு இன்னும் சொல்ல முடியல," என்றார் மருத்துவர்.

அவள் திரும்பிவந்தபோது நிலையமே கல்யாண வீடாக இருந்தது. சின்னவர் வாசலுக்கே ஓடிவந்தான்.

"ஒத்துக்கிட்டார் மேடம்! எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார்!"

"என்னத்தைக் காட்டின?"

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "எல்லாத்தையும்தான் மேடம். வாயே திறக்கல. அதான் மேசையில பரப்பிட்டேன்."

"எந்த வரிசையில?"

"முதல்ல கேமரா படம். அப்புறம் கைரேகை. அப்புறம் உடைஞ்ச டிராயர். கடைசியா அந்தக் கண்ணாடிங்க."

அவள் வாக்குமூலத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். தெருவில் நடந்தேன், கடைக்குள் போனேன், கதவைத் தொட்டேன், மேசையைத் தொட்டேன், டிராயரை உடைத்தேன், கண்ணாடிகளை எடுத்தேன். அதே வரிசை. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

"எதால அடிச்சாராம்?"

"முகம் பாக்குற கண்ணாடி ஸ்டாண்டால."

"அவரா சொன்னாரா, நீ கேட்டியா?"

சின்னவர் பிடரியைச் சொறிந்தான். "ஸ்டாண்ட் கீழ கிடந்துச்சுல்ல மேடம். இதாலயான்னு கேட்டேன். ஆமான்னார்."

அதற்குள் மேலதிகாரி கதவைத் திறந்து தலையை நீட்டினார். "என்னம்மா, சின்னவன் உன்னை மிஞ்சிட்டான் போலிருக்கே! நாளைக்குக் காலையில கோர்ட்டுல நிறுத்திடுங்க. கண்ணாடிக்காரர் போயிட்டார்னா கொலைக் கேஸாவே எழுதிக்கலாம்."

"அதுக்கு முன்னாடி நான் ஒருதடவை அவர்கிட்ட பேசணும் சார்."

"ஒத்துக்கிட்டவன்கிட்ட என்னத்தைப் பேசப்போற? சரி, பேசு. உனக்குத் தாழ்ப்பாளை ரெண்டு தடவை தள்ளிப் பாக்கலன்னா தூக்கம் வராது."

அவள் அலமாரியைத் திறந்து உறையை எடுத்து, கோப்புக்கு அடியில் வைத்துக்கொண்டு விசாரணை அறைக்குப் போனாள். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. சின்னவர் மூலையில் உட்கார்ந்தான்.

பார்சல்காரர் உள்ளே வந்தபோது அவர் கண்ணாடி ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. லாக்கப்பில் வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுத்தபோது யாரோ கம்பியை வளைத்துவிட்டிருந்தார்கள். ஆனால் மனிதரிடம் பயமே இல்லை. விருந்துக்கு வந்தவர் மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார்.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லணுமாம்மா? சொல்றேன்."

"சொல்லுங்க."

சொன்னார். தெரு, கதவு, மேசை, டிராயர். நடுநடுவே சின்னவர் முகத்தைப் பார்த்து, சரியாகச் சொல்கிறோமா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அடிச்சப்ப அவர் போட்டிருந்த கண்ணாடி என்ன ஆச்சு?"

பார்சல்காரர் யோசித்தார். இதற்குப் பதில் மேசையில் எங்கேயும் இல்லை. சின்னவரைப் பார்த்தார். அவனுக்கும் தெரியவில்லை.

"கீழ விழுந்துச்சும்மா," என்றார் மெதுவாக. "நான்... அதை எடுத்துத் துடைச்சு, மேசை மேல வச்சேன். யாராவது மிதிச்சிடக்கூடாதில்ல."

மண்டையைப் பிளந்ததாகச் சொல்கிற வாய், கண்ணாடியை மிதிக்கக்கூடாது என்கிறது! அந்த மனிதருக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவள் பேசாமல் காத்திருப்பாள். பேசாமல் இருப்பது போல ஆளைப் பிழிகிறது வேறெதுவும் இல்லை. ஆனால் இன்று கை தானாகவே கோப்புக்கு அடியில் போனது. உறையைக் கிழித்து, பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இது பின்னாடி ரூம் தொட்டியில கிடந்துச்சு. அவர் கழுவிக்கிட்டிருந்திருக்கார். அடிபட்டப்ப அவர் முகத்துல கண்ணாடியே இல்ல. நீங்க அவரை அடிக்கலை."

பார்சல்காரர் பொட்டலத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "அவரோடதுதான்," என்றார். "வலது காது கம்பியில ஒட்டு போட்டிருப்பார். ஊருக்கெல்லாம் சரி பண்ணுவார், தன்னோடதை மட்டும் பண்ணிக்கமாட்டார்."

"அங்க என்னதான் நடந்துச்சு?"

"நான் தினமும் போவேம்மா. கிடங்கு விட்டதும். கண்ணாடி லூசா இருக்குன்னு சொல்லுவேன். லூசா இல்லன்னு அவருக்கும் தெரியும். ஆனாலும் உக்காரவச்சு, ரெண்டு கையாலயும் கழட்டி, திருகாணியை முடுக்கி, மறுபடி மாட்டிவிடுவார். காதுக்குப் பின்னாடி விரலை வச்சுப் பாப்பார். முகத்தை நேரா நிமித்தி, 'ம், சரியா இருக்கு'ன்னு சொல்லுவார். சும்மா சும்மா வர்றோமேன்னு சங்கடமா இருக்கும்போது ஒரு கண்ணாடி வாங்கிக்குவேன். எல்லாம் ஒரே பவர்தான்."

சின்னவர் மூலையில் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு டஜனைத் திருட்டுப் பொருள் என்று எழுதியது அவன்தான்.

"அன்னைக்குப் போனேன். அவர் குப்புறக் கிடந்தார். நான் ஓடிட்டேம்மா. யாரையாவது கூப்பிடணும்னு போனை எடுத்தேன். அதுல கிடங்கு நம்பர் மட்டும்தான் இருக்கு. அப்படியே வீட்டுக்குப் போயி உக்காந்துட்டேன். என் முகத்தைத் தொட்ட மனுஷன் அங்க கிடக்குறார், நான் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு ஒரு தண்டனை வேண்டாமா?"

"அதுக்காக அடிச்சேன்னு ஒத்துக்குவீங்களா?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "இல்லன்னு சொன்னா எல்லாரும் எந்திரிச்சு வெளிய போயிடுறாங்கம்மா. ஆமான்னு சொன்னதும் உக்காந்துக்கிட்டாங்க. இந்தத் தம்பி டீ வாங்கிக் கொடுத்தார். தோள்ல கை வச்சார். நான் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, நாலு பேர் வந்து நின்னு கேட்டாங்க. படத்துல நான்தான் இருக்கேன், கையும் என்னோடதுதான். சரி, நானாத்தான் இருக்கும்னு தோணிடுச்சு."

சின்னவர்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் குரலில் மரியாதை இருந்தது, கோபமும் இருந்தது.

"மேடம், இப்படி ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இவரை இப்படி..." மீதியை அவன் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவன் மேசையில் கொட்டியது எவ்வளவு தப்போ, இவள் அலமாரியில் பூட்டியதும் அவ்வளவு தப்பு என்று அவளுக்கு உறைத்தது. அந்த உறை ஒரு அப்பாவியைக் காப்பாற்றியது வாஸ்தவம்தான். ஆனால் அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததிலும் அதற்குப் பங்கு இருந்தது.

பார்சல்காரர் பொட்டலத்தை மேசையில் பத்திரமாக வைத்தார். "இது எப்பத்துலேர்ந்து உங்ககிட்ட இருக்கும்மா?"

அதே கேள்வி. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து வந்த அதே கேள்வி.

"முதல் நாள்லேர்ந்து."

"அப்ப நான் இப்ப சொன்னது எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

"ஆமா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"பரவால்லம்மா," என்றார் அவர். "கேட்டுக்கிட்டாவது இருந்தீங்களே."

மாலைக்குள் அவரை விட்டுவிட்டார்கள். மேலதிகாரி முதலில் எகிறிக் குதித்தார், அப்புறம் பொட்டலத்தைப் பார்த்து அடங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்தும் சேதி வந்தது. கண்ணாடிக்காரர் கண் விழித்துவிட்டார். அடித்தது அவருடைய சொந்த மைத்துனன்; கேமராவில் விழாத பக்கவாசல் வழியாக வந்தானாம். கடையை விற்கச் சொல்லி வெகுநாளாகத் தகராறாம். சின்னவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகும்போது மைத்துனனிடம் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போனான். இந்தமுறை அவள் எதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

பார்சல்காரர் வாசல்படியில் நின்றார். போக மனமில்லாத மாதிரி இருந்தார். "நாளைக்கு வரணுமாம்மா?"

"வேண்டாம். வழக்கு முடிஞ்சுது."

"ஓ," என்றார். சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். அது மறுபடி சரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள் அவள். "இரண்டாவது மாடி. அவர் விழிச்சதும் முதல்ல விசாரிச்சது உங்களைத்தானாம். 'சாயங்காலம் ஒருத்தர் வருவாரே, அவர் கடை மூடியிருக்கேன்னு திரும்பிப் போயிருப்பாரே'ன்னு கேட்டாராம்."

அதைக் கேட்டதும் அவர் விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தார். இன்ஸ்பெக்டர் அவர் திருப்பம் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேடிக் கேட்க யாரும் இல்லை என்பது அப்போது அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. அழ வேண்டும்போல் இருந்தது.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். வெகுநேரம் மணி அடித்தபிறகு எடுத்தாள்.

"என்னம்மா?"

'எப்படி இருக்க?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டுவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு சுலபம்! அதை விழுங்கினாள்.

"நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடறேன். போன மாசம் உனக்கு ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியும். ரெண்டு நாளும் வந்தேன். வெளியதான் உக்காந்திருந்தேன். நீயா கூப்பிடுவேன்னு பாத்தேன்."

வைத்துவிட்டாளோ என்று பயந்து இவள் திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"எங்க உக்காந்திருந்த?"

"அந்தப் பச்சை பெஞ்சுல. அந்தக் கோடியில."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் படுத்திருந்த இடத்துலேர்ந்து அந்த பெஞ்சோட இந்தக் கோடி தெரியும்மா," என்றாள். "ரெண்டு நாளும் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். காலியா இருந்துச்சு."